ட்ரெய்லரின் வயர்லெஸ் கேமராவுக்கு விடை கொடுத்தாச்சு

வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய், போகிற இடத்தில் தங்கும் எங்கள் பயண ட்ரெய்லரின் பின்பக்கம் இருந்த வயர்லெஸ் கேமராவைக் கழற்றிவிட்டு, வயரில் ஓடும் கேமராவை மாட்டிவிட்டேன். வண்டிக்குள் இருக்கும் மானிட்டர் திரையில் படம் அடிக்கடி நின்றுபோகிற தொல்லை, ஆண்டெனாவை மாற்றினால் சரியாகிவிடும், இன்னும் கொஞ்சம் நல்ல வயர்லெஸ் செட்டாக வாங்கினால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படம் சுத்தமாக வராமல் போயிருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். திரை கறுத்துப்போனால் கண் தானாகப் பக்கக் கண்ணாடிக்குப் போய்விடும். எங்கள் கேமரா செய்த வேலையே வேறு. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருப்போம். பின்னால் ஒரு வெள்ளைக் கார், நல்ல தூரத்தில், அவசரமில்லாமல் வருவது திரையில் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதே கார், அதே தூரம், ஓரத்தில் அதே மரம். மரம் எப்படிக் கூடவே வரும்? அப்போதுதான் புரியும், படம் அப்படியே நின்றுபோயிருக்கிறது என்று. நிஜமான கார் அதற்குள் எங்களைத் தாண்டப் பக்கத்துத் தடத்துக்கு வந்திருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 28 மீட்டர் போகிறோம், மூன்று நொடி படம் நின்றால் 80 மீட்டருக்கு மேல் பழைய கதையைப் பார்த்துக்கொண்டு தடம் மாற முடிவெடுக்கிறோம். இதைவிடக் கேமராவே இல்லாமல் ஓட்டலாம்.

பழைய அனலாக் வயர்லெஸ் செட்டுகளில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி புள்ளியாகக் கொட்டும், கோடு ஓடும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். டிஜிட்டலில் அப்படி இல்லை. படம் பொட்டலம் பொட்டலமாக வருகிறது, பொட்டலம் வந்து சேராவிட்டால் பல செட்டுகள் கடைசியாகக் கிடைத்த நல்ல படத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். சிக்னல் போனதும் திரையை வெறுமையாக்கிவிடும் செட்டுகளும் உண்டு, வயர்லெஸ்தான் வேண்டும் என்பவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது விசாரித்து வாங்குங்கள்.

இதில் இன்னொரு கூத்து, சாலையில் ஓரளவு ஒழுங்காக இருக்கும் படம், ட்ரெய்லர்களை நிறுத்தித் தங்கும் முகாமுக்குள் நுழைந்து ரிவர்ஸ் எடுக்கிற நேரம் பார்த்துக் காலை வாரும். ட்ரெய்லர் ஓட்டுவது நான், கீழே இறங்கி நின்று வழி சொல்வது என் வீட்டுக்காரர். ஒரு சாயங்காலம், இரண்டு மரங்களுக்கு நடுவே ட்ரெய்லரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன், திரையில் வெறும் தரை மட்டும் தெரிந்தது. போனில் கேட்டேன்: "ஏங்க, எங்கே நிக்கறீங்க? தெரியவே மாட்டேங்குதே." "உனக்கு நேர் பின்னாலதான் நிக்கறேன், கையை ஆட்டிக்கிட்டு!" என்றார். அவர் அங்கே வந்து நிற்பதற்கு முன்னால் எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டு நான் பின்னால் போயிருக்கிறேன். பிரேக்கில் கால் வைத்தேன், இறங்கினேன், அதோடு அந்தக் கேமராவின் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

முகாமில் ஏன் மோசமாகிறது என்பதற்குக் காரணம் எளிது. இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கின்றன. திறந்த சாலையில் கூட்டம் குறைவு. முகாமில் வரிசையாக நிற்கும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வைஃபை பெட்டி, யாரோ ஒருவர் சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பார், நடுவில் நம் கேமரா கத்திக்கொண்டிருக்கும். அதோடு ட்ரெய்லர் என்பதே ஒரு தகரப் பெட்டி. அலுமினியத் தோல், உள்ளே ஃபிரிட்ஜ், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, இவ்வளவையும் தாண்டி, இழுக்கிற வண்டியின் உலோகக் கூரையையும் தாண்டித்தான் சிக்னல் மானிட்டருக்கு வர வேண்டும். தடையே இல்லாத வெளியிலும் தூரம் இரண்டு மடங்கானால் சக்தி கால்பங்காகிவிடும். வளைவுகளில் வண்டியும் ட்ரெய்லரும் ஒரே கோட்டில் இல்லாதபோது சிக்னல் வந்த வழியும் மாறிவிடுகிறது. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தடவை படம் நின்றதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் எடுத்த எடுப்பில் ரேடியோவைக் குறை சொல்லக்கூடாது. முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். இந்தக் கேமராக்களுக்கான 12 வோல்ட்டைப் பெரும்பாலும் பின்னால் மேலே இருக்கும் பார்க் லைட் வயரிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். (அதனால்தான் பகலிலும் லைட்டைப் போட்டால்தான் கேமரா உயிர் பெறும்.) அந்த வயர் வண்டியிலிருந்து 7 பின் பிளக் வழியாக வந்து, ட்ரெய்லரின் எல்லா ஓர விளக்குகளுக்கும் கொடுத்துவிட்டு, கடைசியில் மிச்சம் இருப்பதைத்தான் கேமராவுக்குத் தருகிறது. பழைய இழை பல்புகள் ஒவ்வொன்றும் கால் ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும், மெல்லிய வயரில் அந்த நீளத்துக்கு வோல்ட்டேஜ் இறங்காமல் என்ன செய்யும்?

ஏணி போட்டு ஏறி மல்டிமீட்டரை வைத்தேன். எல்லா விளக்கும் எரியும்போது கேமரா முனையில் 10.8 வோல்ட். முன்னால் பிளக் பக்கம் பார்த்தால் 12.5. சரி, வயர் நீளத்துக்கு இவ்வளவு நஷ்டமா என்று சந்தேகம் வந்து, மீட்டரின் ஒரு முனையைக் கேமராவின் எர்த் வயரிலும் இன்னொன்றைச் சேஸிஸிலும் வைத்தேன். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆக, கோளாறு எர்த் பக்கம். பின் பம்பருக்குக் கீழே எர்த் வயரைச் சேஸிஸோடு முறுக்கியிருந்த ஸ்க்ரூவைக் கழற்றினால், வட்ட முனைக்கு அடியில் துருப்பொடி கொட்டியது, செம்பு இழைகள் பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தன. பெயின்ட் போகிற வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது முனை அமுக்கி, மேலே கிரீஸ் தடவி முறுக்கினேன். வோல்ட்டேஜ் 12-க்கு ஏறிவிட்டது. படம் நிற்பதும் குறைந்தது, ஆனால் போகவில்லை. உங்களுக்கு இத்தோடு தீர்ந்துவிட்டால் நல்லது, மேலே படிக்கவே வேண்டாம்.

ஆண்டெனாவை நீட்டிப்பு வயர் போட்டு வெளியே கொண்டுவருவது அடுத்த யோசனை. பலருக்கு அது உதவுகிறது. ஆனால் இந்த அலைவரிசையில் மெல்லிய ஆண்டெனா வயர் மீட்டருக்கு மீட்டர் சிக்னலைத் தின்றுவிடும், 3 டெசிபல் போனாலே பாதி சக்தி போன மாதிரி. கேமரா ஆண்டெனா செங்குத்தாக நின்றால் மானிட்டர் ஆண்டெனாவும் செங்குத்தாகவே நிற்க வேண்டும், படுக்கவைத்தால் அதிலும் நஷ்டம். இதையெல்லாம் சரிக்கட்டினாலும் முகாமில் இருக்கும் வைஃபை கூட்டத்தை என்ன செய்ய முடியும்? வயர் இழுப்பதென்று முடிவு செய்தேன்.

வாங்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வயர் கேமராக்களில் இன்று அதிகம் கிடைப்பது ஏ.ஹெச்.டி (அனலாக் ஹை டெஃபனிஷன்) வகை, 720, 1080 என்ற பட அளவுகளில் வருகிறது. பழைய அனலாக் கேமராவும் அதே 4 பின் கனெக்டரோடு வரும், மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஆனால் மானிட்டருக்கு அந்த வகை தெரியாவிட்டால் படம் உருளும், அல்லது வரவே வராது. கேமரா, மானிட்டர் இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு, நொடிக்கு 25 படமா 30 படமா என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். தண்ணீர் புகாத தரத்தில் ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபி69கே என்றால் சூடான தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சினாலும் தாங்கும். மழையில் ஓடி, பிரஷர் பைப்பால் கழுவப்படும் பொருளுக்கு இரண்டாவதே நல்லது.

வயர் இழுப்பதுதான் உண்மையான வேலை, மற்றதெல்லாம் ஸ்க்ரூ முறுக்குவது. பழைய கேமராவின் துளையையே கொஞ்சம் பெரிதாக்கி, பின் சுவரை ஒட்டிய அலமாரிக்குள் இறக்கினேன். கேபிள் மெல்லிசாக இருந்தாலும் கனெக்டர் தலை தடிமன், அதற்கேற்ற துளை வேண்டும். அப்புறம் மிச்ச இடைவெளிக்கு ரப்பர் க்ரோமட் போட்டு அடைக்க வேண்டும். அலமாரித் தரை வழியாகக் கீழே, அங்கிருந்து சேஸிஸின் ஓரமாக முன்னால். எங்கள் ட்ரெய்லரின் அடிவயிற்றில் பிளாஸ்டிக் தகடு மூடியிருக்கிறது, அதைக் கழற்றாமல் ஏற்கெனவே போகிற வயர்களோடு ஒரு நைலான் கயிற்றை முதலில் நுழைத்து, கயிற்றின் முனையில் கேபிளைக் கட்டி இழுத்தேன். அந்தக் கயிற்றை வெளியே எடுக்காமல் உள்ளேயே விட்டுவிட்டேன், நாளைக்கு இன்னொரு வயர் போக வேண்டியிருந்தால் உதவும். தகடு இல்லாத இடங்களில் வளைய பைப்புக்குள் விட்டு, ரப்பர் வைத்த கிளிப்பால் சேஸிஸில் பிடித்தாயிற்று. ஆக்சிலுக்குப் பக்கத்தில் மட்டும் ரொம்ப நேரம் செலவழித்தேன், ஸ்பிரிங் மேலே கீழே ஆடும்போது எதுவும் உரசக்கூடாது, டயர் தூக்கி எறியும் கல்லும் படக்கூடாது. கழிவுத் தொட்டியின் வால்வுக் கம்பி போகும் வழியையும் விட்டு விலகி இருக்க வேண்டும், மறந்தால் வால்வை இழுக்கும்போது கேபிளும் சேர்ந்து வரும்.

கேமராவுக்கு வெளியே கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு, ஒரு வளைவு கொடுத்துவிட்டுத்தான் துளைக்குள் விட்டேன், தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஓடாது. கேமராத் தட்டுக்குப் பின்னால் தண்ணீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் டேப். சிலிக்கோன் வேண்டாம், அது போன இடத்தில் பிறகு வேறு எந்த சீலன்ட்டும் ஒழுங்காகப் பிடிக்காது.

முன்னால் 7 பின் பிளக்குக்குப் பக்கத்திலேயே கேமராவுக்கும் ஒரு சாக்கெட், அங்கிருந்து வண்டிக்குச் சுருள் கேபிள். கேமராவுக்கு இப்போது மின்சாரமும் மானிட்டரிலிருந்து இதே கேபிளில்தான் போகிறது. ட்ரெய்லரின் விளக்கு வயரோடும் துருப்பிடித்த எர்த்தோடும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மானிட்டருக்குச் சாவி திருப்பினால் உயிர் வரும் லைனிலிருந்து, 2 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து எடுத்தேன். ரிவர்ஸ் லைட்டிலிருந்து எடுத்தால் பின்னால் போகும்போது மட்டும்தான் தெரியும், எனக்கு ஓடும் நேரம் முழுக்கத் தெரிய வேண்டும்.

திரையில் வரும் பச்சை சிவப்புப் பார்க்கிங் கோடுகளை முதல் வேலையாக அணைத்துவிட்டேன். அவை காரின் பம்பர் உயரத்துக்குக் கணக்குப் போட்டவை, ட்ரெய்லரின் உச்சியில் அவற்றுக்கு அர்த்தமே இல்லை. கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறித் தெரிகிறதா என்று, ஒருவரை ஒரு பக்கமாக நிற்கவைத்துச் சரிபாருங்கள். கேமராவைச் சாய்த்ததில் எங்கள் பம்பரின் விளிம்பு திரையின் அடியில் மெல்லிய கோடாகத் தெரிகிறது, எதை இடிக்கப்போகிறேன் என்பதற்கு அந்த ஒரு அடையாளம் போதும். அகன்ற லென்ஸ் என்பதால் பின்னால் வரும் வண்டிகள் நிஜத்தைவிடத் தூரத்தில் இருப்பதுபோலத்தான் தோன்றும், தடம் மாறுமுன் பக்கக் கண்ணாடியையும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த பயணத்தில் மழை, குகைப்பாதை, வளைவுகள் எல்லாம் வந்தன. படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மாலை வெயில் நேராக லென்ஸில் விழும்போது வெளுத்துப்போகிறது, அது எந்தக் கேமராவுக்கும் உள்ளதுதான். முகாமில் ரிவர்ஸ் எடுக்கும்போது என் வீட்டுக்காரரின் செருப்பு நிறம்கூடத் தெரிகிறது. அவர் கையால் காட்டுவதும் நான் திரையில் பார்ப்பதும் ஒரே நேரத்தில் நடப்பதால் போனில் கத்துவது குறைந்திருக்கிறது.

புதிதாக வந்த தொல்லை ஒன்று உண்டு. ட்ரெய்லரைக் கழற்றும்போது சங்கிலி, 7 பின் பிளக், அவசர பிரேக் வயர் ஆகியவற்றோடு இந்தச் சுருள் கேபிளையும் பிடுங்க வேண்டும், மறந்து வண்டியை நகர்த்தினால் கனெக்டர் பிய்ந்துவிடும். அதனால் அதை 7 பின் வயரோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிட்டேன், ஒன்றைத் தொட்டால் மற்றதும் கைக்கு வந்துவிடும்.

கழற்றிய வயர்லெஸ் கேமராவைத் தூக்கிப் போடவில்லை. ட்ரெய்லரின் மூக்கில், பேட்டரிப் பெட்டிக்கு மேலே, வண்டியோடு ட்ரெய்லர் இணையும் ஹிட்ச்சைப் பார்த்தபடி மாட்டி, பேட்டரியிலிருந்து ஒரு சுவிட்ச்சோடு மின்சாரம் கொடுத்திருக்கிறேன். மானிட்டரிலிருந்து சில மீட்டர் தூரம்தான், நடுவில் தகரப் பெட்டியும் இல்லை. வண்டியைப் பின்னால் கொண்டுவந்து அதன் இணைப்புப் பந்தின் மேல் ட்ரெய்லரை உட்காரவைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஒழுங்காக வேலை செய்கிறது, மாட்டி முடித்ததும் சுவிட்ச்சை அணைத்துவிடுவேன்.