தாராவிச் சந்துகளில்: ஓர் ஆரோக்ய சேவிகாவின் நாட்குறிப்பு

2020 ஏப்ரல் 4, சனி

மும்பையின் தாராவியில் முதல் கொரோனாத் தொற்று ஏப்ரல் 1 அன்று உறுதியாகி, அந்த நோயாளி அன்றே இறந்துபோனதிலிருந்து வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களான எங்கள் வேலையே மாறிவிட்டது. சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இடத்தில், ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்துறங்கும் வீட்டு வாசலில் நின்று, விலகி இருங்கள் என்று சொல்லிவிட்டு வருவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. யாருக்குக் காய்ச்சல் என்பதை முதலில் அவர்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்று 90 அடி சாலைக்குப் பின்னால் உள்ள சால் என்னும் வரிசைவீட்டுக் குடியிருப்பில், முகக்கவசத்தோடு என்னை அடையாளம் தெரியாமல் கதவை ஒருக்களித்த ஆச்சி, "யாரு, போலியோ சொட்டு மருந்து போட வருவியே, நீயாம்மா?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகுதான், மருமகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்பதைச் சொன்னார்.

ஏப்ரல் 16, வியாழன்

தோல் பட்டறையில் சாயம் போடும் தம்பி ஒருவர் பரணில் படுத்திருந்தார். பட்டறை மூடி மூன்று வாரமாகியும் நகங்களின் கறுப்பு போகவில்லை. நகத்தில் சாயம் இருந்தால், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், கறை படாத சுண்டுவிரலைத் தேடித் துடைத்து, சற்று நேரம் தேய்த்துச் சூடாக்கிய பின் கருவியை மாட்டினேன். எண் 89-ஐத் தாண்டவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லக்கா, மூச்சு நல்லாத்தான் வருது" என்றார். மூச்சுத் திணறலே தெரியாமல் ஆக்சிஜன் இறங்கிவிடுவதுதான் இந்த நோயின் கொடுமை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிணமாகத்தான் வருவோம் என்ற அச்சம் அவரைவிட அவர் மனைவிக்கே அதிகமாக இருந்தது. பையில் செல்போன் சார்ஜரை வைக்கச் சொல்லி, வார்டு எண் தெரிந்ததும் நானே கூப்பிட்டுச் சொல்வதாக வாக்களித்த பிறகுதான் அவரை ஆம்புலன்சில் ஏற்ற முடிந்தது. அந்த அழைப்பும் சிகிச்சையில் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மே 5, செவ்வாய்

பெரும்பாலானோர் பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கும் இங்கே வீட்டுத் தனிமை என்பது நடக்காத காரியம். தொற்றாளரோடு பழகியவர்களைப் பள்ளிக்கூடங்களிலும் விளையாட்டு வளாகத்திலும் தங்கவைத்திருக்கிறார்கள். அங்கிருந்து திரும்பிய குடும்பத்தைக் குழாயடியில் ஒதுக்கியதைப் பார்த்து, அவர்களோடு சேர்ந்து நானும் குடத்தை ஏந்தி வரிசையில் நின்றேன். அதன்பின் யாரும் தடுக்கவில்லை.

ஜூலை 11, சனி

தொற்றைக் கட்டுப்படுத்தியதற்கு எடுத்துக்காட்டாக உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் நேற்றுத் தாராவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார் என்று கேட்டபோது உள்ளம் நெகிழ்ந்தது. ஆனால் என் கவலையெல்லாம் காசநோயாளிகளைப் பற்றியது. ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டிய மாத்திரையை ஊரடங்கில் இடையில் நிறுத்தியவர்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகலாம். இருமினாலே கொரோனா என்று ஒதுக்கிவிடுவார்களோ என அஞ்சி, இருமலையே மறைப்பவர்களும் இருக்கிறார்கள். கொரோனா இல்லை என்று முடிவு வந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிப்பவர்களின் பெயர்களை இன்று தனியே எழுதி எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை சளிப் பரிசோதனைக்கான டப்பாக்களோடு முகுந்த் நகர்ப் பக்கமிருந்து தொடங்க வேண்டும்.