பெரியப்பாவின் பாடு: நிலாவெளிக் குறிப்புகள்

ஜூலை 5, சனி

திருகோணமலைக்கு வடக்கே உள்ள எங்கள் நிலாவெளியில் விடிய ஐந்து மணிக்கே கரைக்குப் போய்விட்டேன். அதற்கு முன்னமே பெரியப்பாவின் கரைவலைத் தோணி இறங்கிவிட்டது. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, மறுதலைப்போடு தெற்குப் பக்கம் கரையேறினார்கள். அப்புறம் இழுவைதான். நானும் பிடித்தேன்.

"கையால இழுக்காத தம்பி, இடுப்பால இழு" என்றார் பெரியப்பா.

இழுக்க இழுக்க இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரையொருவர் நெருங்கி நடந்துவர வேண்டும். அப்போதுதான் வலையின் வாய் ஒடுங்கும். மீன் சேரும் பையான மடி கரை தட்ட இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. உள்ளே சூடை மீனும் கீரி மீனும் வெள்ளியாய்த் துள்ளின. நடுவில் ஒரு கணவாய் மை கக்கிப் பெரியப்பாவின் சாரத்தைக் கறுப்பாக்கியது. உள்ளங்கை இன்னும் எரிகிறது.

ஜூலை 6, ஞாயிறு

நீரோட்டம் கடும். வலை வளைக்கவில்லை. கரையிலுள்ள கொட்டிலான வாடியில் உட்கார்ந்து வலையின் கிழிசல் பொத்தினார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று மனம் சரியில்லை. கயிறு ஏறும் இடத்தில் பக்கத்து விடுதிக்காரர் சாய்வு நாற்காலிகளைப் போட்டுவிட்டார்கள். எண்ணினேன், பதினான்கு.

வெளியாட்களுக்கு இது வெறும் மணல். எங்களுக்கு இது பாடு, வலை இழுக்கும் கரை. இன்ன வலைக்கு இன்ன கரை என்று கடற்றொழில் திணைக்களத்தில் அனுமதி எடுத்துத்தான் கரைவலை இழுக்கிறார்கள். இழுக்கிறவர்கள் நடக்கக் கரை வேண்டும். நாற்காலிக்கு மேலாலா நடப்பது?

உல்லாசப் பயணிகள் வரட்டும், அதில் எனக்குக் கோபமே இல்லை. என் மச்சான் அவர்களைப் படகில் புறாமலைத் தீவுக்கு ஏற்றிப் போய்த்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறான். 2003இல் அது தேசியப் பூங்காவானது. அங்கேயுள்ள முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, காக்க வேண்டும் என்று அவனே எல்லோருக்கும் சொல்லுவான். ஆனால் விருந்தாளிக்கு இடம் கொடுக்க, தொழில் செய்கிறவனை எழுப்பக் கூடாது.

பெரியப்பா சண்டை பிடிக்கவில்லை. வடக்கே தள்ளிக் கயிறு ஏற்றினார். அங்கே அடியில் கல். வலை இரண்டு இடத்தில் கிழிந்தது.

ஜூலை 11, வெள்ளி

நேற்றுப் பூரணை. நிலவு காலத்தில் மீன் குறைவு என்பார்கள், அப்படியேதான். இரண்டு பெட்டி கூடத் தேறவில்லை. மோட்டார் சைக்கிள் வியாபாரி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். இருந்தும் கயிறு பிடித்த எல்லோருக்கும் கறிக்கு மீன் போனது. கையுதவிக்கு வந்த பள்ளிப் பையனுக்கும் ஒரு பை.

2004 சுனாமியில் இந்த வாடியும் தோணியும் போயின. அதே இடத்தில்தான் பெரியப்பா மறுபடி கொட்டில் போட்டார். ஏன் உள்ளுக்குத் தள்ளிப் போடவில்லை என்று இன்று கேட்டேன்.

"இஞ்ச இருந்தாத்தானே மீன் கூட்டம் கறுக்கிறது தெரியும்" என்றார்.

பொழுது பட, நாற்காலிகளுக்குப் பக்கத்தில் போய் ஒரு முளைக்கட்டையை அடித்து இறுக்கினார். விடுதியில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பொடியன் ஓடி வந்தான்.

"எத்தனை மணிக்குப் பெரியப்பா வலை ஏறும்?"

"ஏழரைக்குள்ள."

அவன் ஒரு பக்கத்து நாற்காலிகளை மடக்கத் தொடங்கினான்.