எடை கேட்ட மனிதர்

"உங்கள் மூவரின் எடையும் எவ்வளவு?" என்று அந்த மனிதர் கேட்டதும், காருக்குள் இருந்த என் மனைவி கண்ணாடியை மெதுவாக உயர்த்திக்கொண்டார். பெண் பார்க்கப் போன அன்றுகூட எங்கள் வீட்டார் கேட்கத் துணியாத கேள்வி அது. கனடாவின் அஜாக்ஸில், ஒரு வீட்டின் பின்வளவில் கவிழ்த்துக் கிடந்த பழைய இருவர் கயாக் ஒன்றுக்கு, அதாவது ஒரு சிறு துடுப்புப் படகுக்கு, விலை பேச வந்த இடத்தில் விற்பவர் அதைக் கேட்டுவிட்டார்.

மூன்று கோடைகளாக நானும் மகளும் பிக்கரிங்கில் உள்ள பிரெஞ்ச்மன்ஸ் குடாவின் கரையில் தூண்டிலோடு நின்றிருக்கிறோம். மீன் துள்ளுவது எப்போதும் நாணலுக்கு அப்பால்தான். "அப்பப்பாவிட்ட போட் இருந்ததுதானே, எங்களிட்ட ஏன் இல்லை?" என்று ஒன்பது வயது மகள் கேட்டாள். கடையில் விலையைப் பார்த்து, அதன்மேல் 13 வீத வரியையும் கூட்டியபோது, அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் பழையதைத் தேடத் தொடங்கினோம்.

உள்ளே காலை நீட்டி அமரும் வகையை முதலிலேயே விலக்கினேன். அது கவிழ்ந்தால் நீர் நிரம்பிவிடும்; குழந்தையை வைத்துக்கொண்டு நடு நீரில் அதை வெறுமையாக்குவது எளிதன்று. மேலே அமரும் வகையில் அடிவரை ஊடுருவும் துளைகள் இருப்பதால் ஏறும் நீர் தானே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு மீண்டும் ஏறலாம். உலகம் முழுவதும் இரட்டை உடல் கொண்ட படகுக்கு எங்கள் கட்டுமரத்தின் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறது. ஆனால் நீர் ஏறி இறங்க, நனைந்தபடியே போகும் இந்தப் பிளாஸ்டிக் பொருள்தான் அதன் உண்மையான உறவுக்காரன் என்பது என் கட்சி.

கயாக்கை முழங்கால் மடித்துப் பார்த்தேன். கொங்கிறீற்றில் இழுத்தால் முதலில் தேய்வது பின்முனை. அங்கே விரல் வைத்துப் பார்த்தேன். துளைகளைச் சுற்றி வெடிப்பு உண்டா, உள்ளே நீர் தளும்பும் ஓசை வருகிறதா, வடிகால் அடைப்பான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசியில் விரல் கணுவால் தட்டினேன். தட்டிய பிறகுதான் தெரிந்தது, அது அப்பாவின் பழக்கம் என்று. யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில், மீன்பிடித் தொழில் முடிந்ததும் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போட்டு, மறுநாள் தட்டிப் பார்த்துத்தான் கட்டுவார். நீர் குடித்துக் கனத்த மரத்துக்கு வெயில் மருந்து. இந்தப் பிளாஸ்டிக்குக்கோ வெயில்தான் பகை. ஆண்டுக்கணக்காக வெயிலில் கிடந்தால் நிறம் வெளுத்து நொறுங்கத் தொடங்கிவிடும். நல்ல வேளையாக, இது தார்ப்பாயின் கீழ் இருந்திருக்கிறது.

குறை என்றால் அந்த எடைக் கணக்குத்தான். 425 இறாத்தல் (பவுண்டு) தாங்கும் என்பது எழுத்தில் உள்ள உச்ச அளவு. நிம்மதியாக மீன் பிடிக்க வேண்டுமானால் அதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் நம்ப வேண்டும் என்றார் அவர். அதாவது ஏறத்தாழ 280. நான் 172. மகள் 58. மனைவி வீட்டுக்கு வந்து சொன்ன எண் 138. அதை நான் தராசில் வைத்து விசாரிக்கவில்லை. தூண்டில்கள், ஐஸ் பெட்டி, சாப்பாடு எல்லாம் இன்னும் 25. நாங்கள் ஒரு குடும்பமாகக் கூடி எதையும் இவ்வளவு நுணுக்கமாகக் கூட்டியதில்லை. 13 அடிக்கு மேற்பட்ட பெரிய கயாக் எங்களைத் தாங்கும். ஆனால் 70 இறாத்தலுக்கு மேல் கனக்கும் அதைக் காரின் கூரைக்கு ஏற்ற என் முதுகு தாங்காது. எல்லாரையும் ஏற்றும், ஆனால் தூக்க முடியாத படகா? தூக்கலாம், ஆனால் ஒருவரைக் கரையில் விட்டுப் போகும் படகா? 57 இறாத்தல் கனமுள்ள பின்னதையே, இரண்டு துடுப்புகளோடு 550 டொலருக்கு எடுத்தோம். "இதை விவாகரத்துப் படகு என்றும் சொல்வார்கள், துடுப்பைச் சேர்ந்து வலியுங்கள்" என்று சிரித்தபடி வழியனுப்பினார்.

அப்பா எண்ணிப் பார்த்ததே இல்லை. "தண்ணி காலுக்குச் சொல்லும்" என்பார். கணுக்காலுக்கு மேலே நீர் வந்தால் ஒருவரை இறக்கிவிடுவார். பெரும்பாலும் இறக்கப்பட்டவன் நான்.

நான் இப்போது சட்டம் தெரிந்த ஒன்ராறியோக்காரன். மீன்பிடி உரிமம் எனக்கு வேண்டும், பதினெட்டு வயதுக்குட்பட்ட மகளுக்கு வேண்டாம். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, ஒரு விசில், மிதக்கும் கயிறு 15 மீட்டர் என்று எல்லாம் வாங்கிவிட்டேன். முதல் நாள் மகளை முன்னால் இருத்தி வலித்தபோது, பின்துளை வழியே நீர் வந்து என் குதிக்காலைத் தொட்டது. கை தானாக நின்றது. எவரை இறக்குவது என்று ஒரு கணம் கரையைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு மஞ்சள் பெர்ச் மீனோடு கரைக்கு வந்தோம். சொதிக்குக் காணாது. "அடுத்தது நானும் பிள்ளையும். நீங்கள் கரையில இருங்கோ," என்றார் மனைவி. அவர்கள் இருவரும் போனால் 200 இறாத்தல்கூட வராது. துளைகள் வழியே நீர் ஏறாது. அம்மா நின்றதைப் போலவே நெற்றியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் நாணலைக் கடந்த பிறகுதான், அந்த 15 மீட்டர் கயிறு என் மறு கையிலேயே இருப்பதைக் கண்டேன்.