பர்மா பத்திரமும் பாலஸ்தீனமும்

போன வாரம் முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து நடு முற்றமான வளவில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தபோது, டிவியில் காஸா செய்தியைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா சொன்னார்: "பர்மாவிலே நமக்கும்தான் நிலம் போச்சு. நாம வேற பொழப்பைப் பாக்கலையா? இவங்களுக்கு மட்டும் என்னவாம்?"

சட்டென்று பதில் வரவில்லை. ஐயா கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, பர்மாவில் போன ஊரின் பத்திரங்கள் இன்னும் எங்கள் இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி, கடன் கொடுத்த எங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தது. பத்திரப்படி எங்களுடையது, காட்டை வெட்டி உழுத பர்மியக் குடியானவன் கணக்கில் அவனுடையது. இரண்டுமே பொய்யில்லை. 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது, எங்கள் கதை முடிந்தது.

ஆனால் 1942-இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து நடந்தே வந்த ஐயாவுக்கு, தேக்குத் தூணோடு இந்த வீடு காத்திருந்தது. பாலஸ்தீனத்தில் இரண்டு பக்கத்துக்கும் அது இல்லை. ஹிட்லரிடம் தப்பிய யூதர்கள் ஐரோப்பிய முகாம்களில் கிடந்தார்கள். 1947-இல் எக்ஸோடஸ் கப்பலில் வந்த 4,500-க்கும் மேற்பட்டவர்களை, அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டன் திருப்பி அனுப்பியது, அதுவும் ஜெர்மனிக்கே! அராபியர்களோ அந்த மண்ணிலேயே 1947-இல்கூட மூன்றில் இரண்டு பங்கு இருந்தவர்கள், அவர்களைக் கேட்காமலேயே 1917-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் யூதர்களுக்கு அங்கே தாயகம் அமைய ஆதரவு தருவதாக எழுதிக்கொடுத்துவிட்டார். 1948 போரில் ஏழு லட்சம் பேர் வீடிழந்தார்கள், சாவியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு பேரன்கள் இன்னும் லெபனான் முகாம்களில் இருக்கிறார்கள். அதனால் யார் முதலில் வந்தார்கள் என்ற வாதத்தில் எனக்கு ருசி இல்லை.

1947-இல் ஐ.நா. குழுவில் இந்தியாவும் ஈரானும் யூகோஸ்லாவியாவும் வேறு யோசனை சொன்னன: ஒரே கூட்டாட்சி நாடு, ஜெருசலேம் பொதுத் தலைநகரம். நம்ம வீடு மாதிரி, ஆளுக்கோர் அறை, வளவு பொது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டின் முகப்பை யார் பூசுவது என்றே பங்காளிகளுக்குள் பல வருஷமாக வழக்கு ஓடுகிறது. இரண்டு தரப்புமே அதை ஏற்கவில்லை. நவம்பர் 29-இல் யூதர்களுக்கு ஒரு நாடு, அராபியர்களுக்கு ஒரு நாடு என்ற பிரிவினை ஐ.நா.வில் 33-க்கு 13 ஓட்டில் நிறைவேறியது. நாம் எதிர்த்து ஓட்டுப் போட்டோம்.

இன்று இரண்டு நாடு என்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். ஆனால் 1967 போரில் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையில் யூதக் குடியேற்றங்கள் ஏற ஏற, இரண்டாவது நாட்டுக்கான இடம் சுருங்குகிறது, அதை யாரும் மறைக்க வேண்டாம். யூதர்கள் வந்த இடத்துக்கே போகட்டும் என்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: பாக்தாதிலிருந்தும் ஏமனிலிருந்தும் வந்தவர்கள் எங்கே போவார்கள்?

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பெரியப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "நமக்குத் திரும்ப வீடு இருந்துச்சு, அதானே சொல்றே? சரி சரி" என்றார். அப்புறம் நான் செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "டேய், அந்தப் பர்மா பத்திரத்தை மட்டும் தூக்கிப் போட்டுடாதே."