ஷெல்லுக்குள் எது எப்போது காலியாக வேண்டும்

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், சொல்லைத் தேடும் கிரெப் மாதிரி நிரல்களில் மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டாலும் குடிமுழுகிப் போவதில்லை. அரை நொடி ஓடும், முடியும், மிச்சத்தை இயங்குதளத்தின் மையமான கெர்னல் மொத்தமாக வாரிக்கொள்ளும். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அப்படி இல்லை. ஒரு கட்டளையை முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பதுதான் அதன் பிழைப்பு. மடிக்கணினியில் என்றால் மாலையில் டெர்மினலை மூடிவிடுவோம். நான் வேலை பார்த்ததோ நெட்வொர்க் சாதனம் ஒன்றுக்கான ஷெல். அதில் ஒரு செஷனைத் திறந்தால் மாதக்கணக்கில் திறந்தபடியே கிடக்கும்.

சி மொழியில் எழுதப்பட்டு, பல கைகள் மாறி எங்களிடம் வந்த கோடு அது. வாடிக்கையாளர் இடத்தில் ஒரு கண்காணிப்பு ஸ்கிரிப்ட் உள்ளே நுழைந்து, அதே செஷனில் நிமிடத்துக்கு ஒருமுறை இன்டர்ஃபேஸ் நிலவரம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் சில நூறு பைட் மெமரி திரும்பாமல் ஒழுகிப் போகும். ஒரு நாளில் தெரியாது, ஒரு வாரத்தில் தெரியாது. பிறகு ஒருநாள் மெமரி தீரும்போது ஏதாவது ஒரு புராசஸை (ஓடும் நிரலை) நிறுத்தும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் வந்து, பெரும்பாலும் எங்கள் ஷெல்லை விட்டுவிட்டு சம்பந்தமே இல்லாத வேறொரு புராசஸைக் கொல்லும். புகார் அந்தக் குழுவுக்குப் போகும். அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் எங்களிடம் அனுப்புவார்கள்.

பேஷ் போன்ற சாதாரண ஷெல்லில் இந்தத் தொல்லை பாதி குறைவு. வெளிக் கட்டளையை ஓட்டும்போது ஷெல் தன்னை ஃபோர்க் செய்து (நகலெடுத்து), பிள்ளை புராசஸில்தான் எக்செக் செய்கிறது (கட்டளையை ஏற்றி ஓட்டுகிறது). பிள்ளை எடுத்த மெமரி பிள்ளையோடு போய்விடும். பெற்ற புராசஸிலேயே ஓடும் சிடி, எக்ஸ்போர்ட், ரீட் மாதிரி உள்கட்டளைகளில் ஒழுகுவதுதான் தங்கும். எங்கள் சாதனத்திலோ ஏறக்குறைய எல்லாமே உள்கட்டளை. ஒழுகியது எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தது.

ஒரு வரி தட்டினால் உள்ளே நடப்பதைப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். முதலில் வரியைச் சொற்களாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு சொல்லிலும் மாறிகளை விரிக்க வேண்டும், நட்சத்திரக் குறி இருந்தால் கோப்புப் பெயர்களாக்க வேண்டும், மேற்கோள் குறிகளை நீக்க வேண்டும், கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகக் கோர்க்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் நீளம் முன்கூட்டித் தெரியாது. எங்கள் கோடில் ஒவ்வொரு துண்டுக்கும் மெமரி வாங்க ஒரு மாலாக், ஃபங்ஷன் முடிவில் அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு ஃப்ரீ. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் பயனர் நடுவில் கன்ட்ரோல்-சி அழுத்தினாலோ, இலக்கணப் பிழை வந்தாலோ நடுவில் உள்ள ஃபங்ஷன்களை விட்டுத் தாண்டும் லாங்ஜம்ப் மூலம் நேராக, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் பிராம்ப்ட்டுக்குத் தாவுவார்கள். இடையில் இருந்த ஃப்ரீக்கள் ஒன்றுகூட ஓடாது.

மெமரி ஒழுகலைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியை வைத்து ஒவ்வொன்றாகப் பிடித்தோம். ஒன்றை அடைத்தால் வேறொரு பிழைப் பாதையில் இன்னொன்று முளைக்கும். குழுவில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் சார். ஒருநாள் என் திரையைப் பார்த்துவிட்டு, "ஃப்ரீயை எங்க விட்டாங்கன்னு தேடிட்டே இருந்தா இது இந்த ஜென்மத்துல முடியாது. டேஷ் எப்படிப் பண்ணுதுன்னு ஒரு தடவை படிங்க, அப்புறம் பேசுவோம்" என்றார்.

டேஷ் சின்ன ஷெல். கென்னத் ஆல்ம்குவிஸ்ட் 1989ல் எழுதிய ஆஷ் ஷெல்லின் வாரிசு. டெபியன், உபுண்டு இரண்டிலும் ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டும் இயல்பான ஷெல் இதுதான். உபுண்டு 2006லேயே இதற்கு மாறிவிட்டது. இதன் மெமரிக் கோடு முழுவதும் ஒரு கோப்புக்குள் அடங்கும். ஒரு மதியத்தில் படித்துவிடலாம், ஆனால் விளங்க அதைவிட அதிக நேரம் ஆகும்.

அதன் அடிப்படை எளிது. கட்டளையைத் தொடங்கும் முன் ஓர் அடையாளம் வைத்துக்கொள். பாகுபடுத்தல் (வரியின் அமைப்பைப் பிரித்தறிவது), விரிவாக்கம் எல்லாவற்றுக்கும் அதற்கு மேலே அடுக்கிக்கொண்டே போ. முடிந்ததும் அடையாளம் வரை மொத்தமாகக் கீழே இறக்கு. பந்தி முடிந்ததும் வாழை இலையை அப்படியே மடித்து எடுப்பது மாதிரி. தட்டு தட்டாகக் கழுவும் வேலை இல்லை. நடுவில் லாங்ஜம்ப் தாவினாலும் பரவாயில்லை, பிராம்ப்ட்டில் போய் நின்றதும் பழைய அடையாளத்துக்கு இறக்கிவிட்டால் போதும். நாங்கள் ஒவ்வொரு பிழைப் பாதையிலும் கைவலிக்க எழுதியது அங்கே ஒரே வரியில் இருந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது, நீளம் தெரியாத சரத்தை டேஷ் கட்டும் விதம். அடுக்கின் உச்சியிலேயே ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுக்கொண்டு போகும். அடுக்கு இருக்கும் மெமரித் தொகுதியில் இடம் தீர்ந்தால் இன்னும் பெரிய தொகுதிக்கு மாறும். அந்தச் சரம் மட்டுமே தொகுதியில் இருந்தால் ரீஆலாக் (அந்தத் தொகுதியையே பெரிதாக்குவது), வேறு ஏதாவது இருந்தால் புதுத் தொகுதி எடுத்து நகல். இதில் ஒரு கண்ணி உண்டு. சரம் இடம் மாறிய கணத்தில் அதன் நடுவே சுட்டிக்கொண்டிருந்த பாயிண்டர்கள் (மெமரி முகவரிகள்) எல்லாம் செல்லாக்காசு. அதனால் விரிவாக்கக் கோடில் பல இடங்களில் பாயிண்டருக்குப் பதில், தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்ணைத்தான் பிடித்து வைத்திருப்பார்கள். முதலில் படிக்கும்போது வேண்டுமென்றே குழப்புகிறார்கள் என்று தோன்றும். ஏன் என்று விளங்கியபின் நம் கோடில் அது இல்லாத இடங்கள்தான் பயமுறுத்தும்.

இதற்கும் முந்தைய தலைமுறை இன்னும் துணிச்சலானது. 1979ல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு வந்த ஸ்டீஃபன் போர்னின் ஷெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் போதுமா என்று அடுக்கு கவலையே படாது, எழுதிக்கொண்டே போகும். எல்லையைத் தாண்டியதும் வன்பொருள் தடுக்கும், செக்மென்ட் மீறல் சிக்னல் வரும். அந்த சிக்னலைப் பிடித்து, கெர்னலிடம் இன்னும் கொஞ்சம் இடம் வாங்கி, தடுக்கி விழுந்த அதே மெஷின் கட்டளையிலிருந்து மறுபடி ஓடும். அன்றைய பிடிபி-11 கணினியில் இது ஓடியது. மோட்டரோலா 68000 சிப் வந்தபோது மாட்டிக்கொண்டது, ஏனென்றால் பாதியில் நின்ற மெஷின் கட்டளையைத் திரும்ப ஓட்டத் தேவையான விவரத்தை அந்த சிப் சேமிக்காது. யுனிக்ஸை அதற்குக் கொண்டுபோனவர்கள் திட்டித் தீர்த்திருப்பார்கள். இன்று யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்தால் நான் ரிவ்யூவில் விடமாட்டேன். ஆனாலும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, நாங்களும் அடுக்கு முறைக்கு மாறினோம். ஒழுகல் நின்றது, அதன் இடத்துக்கு வேறு வகைப் பிழை வந்தது. கட்டளை முடிந்தபின்னும் வாழவேண்டியவை சில உண்டு: மாறியின் மதிப்பு, ஏலியஸ் (கட்டளைக்கு வைத்த மாற்றுப்பெயர்), ஹிஸ்டரி வரி, ஃபங்ஷன். இவற்றில் ஏதாவது அடுக்குக்குள் இருக்கும் சரத்தையே சுட்டிக்கொண்டிருந்தால், அடுத்த கட்டளை அந்த இடத்தில் எழுதும்போது மாறியின் மதிப்பு தானாக மாறும். தவறான மெமரித் தொடுதலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசர் கருவிக்கும் இது தெரியாது. அதன் பார்வையில் முழுத் தொகுதியும் செல்லுபடியான மெமரி, எந்தப் பகுதி செத்தது என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லும் வழி இருக்கிறது, பிறகு சேர்த்தோம். அதற்கு முன் சோதனை பில்டில், இறக்கிய பகுதியை எல்லாம் ஒரே குப்பை பைட்டால் நிரப்பினோம். மாறியை அச்சிட்டால் குப்பை வரும், உடனே தெரிந்துவிடும்.

இசட்-ஷெல் என்ற இன்னொரு ஷெல் இதை ஃபங்ஷன் பெயரிலேயே தீர்க்கிறது. தற்காலிகச் சரத்துக்கு ஒரு நகல் ஃபங்ஷன், நிரந்தரச் சரத்துக்கு வேறொன்று. டேஷில் ஃபங்ஷன் வரையறை இன்னும் அழகு. பாகுபடுத்தியதும் கிடைக்கும் மரம் போன்ற அமைப்பு அடுக்கில்தான் பிறக்கிறது. அதைச் சேமிக்க, முதலில் மரம் முழுவதையும் ஒருமுறை நடந்து அளவைக் கூட்டி, ஒரே மாலாக்கில் வாங்கி, அதற்குள் மொத்த மரத்தையும் நகலெடுக்கிறார்கள். விடுவிக்கவும் ஒரே ஃப்ரீ. கூடவே அந்த மரம் எத்தனை இடத்தில் பயனில் இருக்கிறது என்ற எண்ணிக்கையும் வைத்திருப்பார்கள், ஏனென்றால் ஷெல் ஃபங்ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னையே மறுவரையறை செய்யலாம். ஓட்டம் முடியும் வரை பழைய மரம் சாகக் கூடாது.

மெமரி தீர்ந்தால் என்ன செய்வது என்பதிலும் ஷெல்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. பேஷ் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு செஷனையே முடித்துக்கொள்ளும். டேஷ் அதைச் சாதாரணப் பிழையாக எடுத்துக்கொண்டு, ஊடாடும் செஷனில் பிராம்ப்ட்டுக்குத் திரும்பும். எங்கள் சாதனத்துக்கு இரண்டாவதுதான் சரி. ரிமோட்டில் உட்கார்ந்து சாதனத்தைக் காப்பாற்ற முயலும் ஆளின் ஒரே வாசலை நாமே சாத்தக் கூடாது. கன்ட்ரோல்-சியும் அப்படித்தான். மாலாக்கின் நடுவில் சிக்னல் வந்து லாங்ஜம்ப் தாவினால் அதன் உள்கணக்கு பாதியில் நிற்கும். டேஷ் மாலாக்கைக் கூப்பிடும் முன் குறுக்கீட்டைத் தள்ளிவைத்து, முடிந்தபின்தான் கவனிக்கும். நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம்.

எல்லாம் ஓய்ந்தது என்று இருந்தபோது அதே வாடிக்கையாளர், அதே கண்காணிப்பு. இப்போது ஸ்கிரிப்ட்டை மாற்றியிருந்தார்கள்: முடிவில்லாத ஒரே வைல் லூப், உள்ளே கேள்வி, பிறகு தூக்கம். ஷெல்லின் பார்வையில் அந்த லூப் முழுவதும் ஒரே கட்டளை. அது முடிந்தால்தான் அடுக்கு இறங்கும், ஆனால் அது முடிவதே இல்லை. லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி அடையாளம் வைத்ததும் சரியானது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை சுற்றும் ஃபார் லூப்பில் மட்டும் வரிசை முக்கியம்: விரித்த பட்டியல் எல்லாச் சுற்றுக்கும் வேண்டும், அதனால் அது சுற்றின் அடையாளத்துக்குக் கீழே உட்கார வேண்டும்.

ஷெல் மூடும்போது நிரந்தர அட்டவணைகளை நாங்கள் ஃப்ரீ செய்வதில்லை. டெஸ்டிங் குழு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வால்கிரைண்ட் அறிக்கையைக் கொண்டுவந்து, "இன்னும் கைக்கெட்டும்" (விடுவிக்காவிட்டாலும் நிரல் இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும் மெமரி) கணக்கில் இத்தனை பைட் இருக்கிறதே என்று டிக்கெட் போடும். புராசஸே போகிறது, கெர்னல் எடுத்துக்கொள்ளும் என்று பதில் எழுதி மூடிவிடுவோம். அடுத்த வெளியீட்டில் அதே டிக்கெட் வேறொருவர் பெயரில் வரும். கடைசியில் சார்தான், வால்கிரைண்ட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் சப்ரஷன் கோப்பில் அந்த வரிகளைச் சேர்த்தார்.