மில்லிமீட்டரில் வரைந்து இன்ச்சில் கட்டுவது

கல்லூரியில் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் படித்துவிட்டு சைட்டுக்கு வந்தால், அங்கே சுவரைப் பற்றி யாரும் மில்லியில் பேசுவதில்லை. வரைபடத்தில் 230 மில்லி என்று இருப்பது மேஸ்திரிக்கு ஒன்பது இன்ச் சுவர். 115 என்றால் நாலரை இன்ச். அதற்கும் கீழே நூல் கணக்கு. இன்ச்சுக்கு எட்டு நூல். "சார், பூச்சு மூணு நூல் வெளிய நிக்குது, தேச்சு விட்றவா?" என்று கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும். ஒன்பதரை மில்லி என்று மனதுக்குள் மாற்றிக்கொண்டு நின்றால் கலவை இறுகிவிடும்.

மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த எடை, அளவைச் சட்டம் வந்தது 1956-இல். 1957-இல் அணா போய் நயா பைசா வந்தது. அப்புறம் பழைய எடைகளான சேரும் வீசையும் கடைகளை விட்டுப் போயின. இன்று காய்கறிக் கடையில் ஒரு வீசை கத்தரிக்காய் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். நிலத்தில் மட்டும் அது நடக்கவில்லை. பட்டாவில் 4.50 ஏர் (ஒரு ஏர் நூறு சதுர மீட்டர்) என்று இருக்கும். "அது எத்தனை சென்ட் தம்பி?" என்பார் பெரியவர். 2.47-ஆல் பெருக்கி, பதினோரு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட என்று சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

சைட்டில் நின்று நின்று எனக்குப் பட்டது இதுதான்: ஒரு பொருள் எந்த அளவில் கடைக்கு வந்ததோ அந்த அளவிலேயே பேசப்படுகிறது. கம்பி 8 மில்லி, 12 மில்லி. மில்லியில் சொன்ன விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மில்லிக்கு 0.89 கிலோ. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட கம்பி கட்டுபவர் இதை மனக்கணக்காகவே சொல்வார். அவரே தூண், பீம் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டும்போது "ஆறு இன்ச்சுக்கு ஒண்ணு" என்பார். பிளைவுட் இன்னும் வேடிக்கை. எட்டுக்கு நாலு அடி ஷீட், கனம் 18 மில்லி. ஒரே பலகையில் இரண்டு முறையும் இருக்கின்றன. வாங்குகிறவரோ விற்கிறவரோ இதில் தடுமாறி நான் பார்த்ததில்லை.

சிக்கல் வருவது இரண்டும் ஒட்டுகிற இடத்தில். இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் என்று கேட்டு வாங்குகிறோம். பெட்டிக்குள் இருப்பது 600-க்கு 600 மில்லி. இரண்டு அடி என்பது ஏறக்குறைய 610. இருபது அடி ஹாலில் பத்து டைல்ஸை வரிசையாகப் போட்டால் கடைசியில் கிட்டத்தட்ட நாலு இன்ச் இடம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். "அளந்து பார்த்துத்தானே சார் வாங்கினேன்" என்பார் வீட்டுக்காரர். அவர் அளந்ததில் தப்பே கிடையாது. விவரமான டைல்ஸ் மேஸ்திரி சிமென்ட் குழைப்பதற்கு முன்பே ஒரு வரிசையைச் சும்மா பரப்பிப் பார்த்துவிடுவார். வாசல் பக்கம் முழு டைல்ஸ், சோபா வரும் சுவரோரம் வெட்டுத் துண்டு. அந்த நாலு இன்ச் யார் கண்ணிலும் படாது.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு இன்ச்சைக் கண்டாலே எரிச்சல். ஒழித்துக் கட்ட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அந்த வேகம் இல்லை. அனுமதிக்குப் போகிற வரைபடம் மீட்டரில். சைட்டுக்குப் போகிறதில் மில்லியும் இருக்கும், பக்கத்திலேயே அடி இன்ச்சும் இருக்கும். ஃபேக்டரியிலிருந்து வருகிற கதவு, ஜன்னல், டைல்ஸ் ஆர்டரை மட்டும் மில்லியிலேயே எழுதச் சொல்கிறேன். சுவரை மேஸ்திரிகள் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.