கொடுமுடியில் இரண்டு மாதம்

கொடுமுடிக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். தாத்தாவுக்குத் திதி கொடுக்க, ஒரு பரிகாரத்துக்கு, ஆடிப்பெருக்குக்கு. ராமானுஜனுக்காகப் போனது இந்த ஆவணியில்தான்.

கணித மேதை ராமானுஜன் ஈரோட்டில் பிறந்தவர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். சீமைக்குப் போய் உடம்பு நொந்து திரும்பிய பிறகு, இறப்பதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 2 மாதம் கொடுமுடியில் தங்கியிருந்தார் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. நான் கால் நனைத்த அதே படித்துறைக் காவிரியை அவரும் பார்த்திருக்கிறார் என்றால், ஒருமுறை அதற்காகவே போக வேண்டாமா?

அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். கூட வருகிறாயா என்று கேட்டேன். "அங்க போயி என்னத்தைங் மாமா பாக்கறது?" என்றான். நியாயமான கேள்விதான். "வா மாப்ள, போற வழியில சொல்றேன்" என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் ஈரோடு. மணிக்கூண்டுப் பக்கம் இறங்கி, ஜவுளிக் கடைகள் திறக்கும் முன்பே கோட்டைப் பக்கம் நடந்தோம். கோட்டை என்பது இப்போது பெயரில்தான் இருக்கிறது. ஈஸ்வரன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கம் பக்கமாக நிற்க, சுற்றிலும் நெருக்கமான வீதிகள். ராமானுஜனின் அம்மா கோமளத்தம்மாளின் அப்பா ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்தார். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த கோமளத்தம்மாளுக்கு 1887 டிசம்பர் 22 அன்று இங்கே பையன் பிறந்தான். ஒரு வருடம் போல இருந்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குக் கும்பகோணம் போய்விட்டார். அப்பா சீனிவாசன் அங்கே புடவைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பிறந்தநாளைத்தான் 2012 முதல் நாடு முழுக்கத் தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறோம்.

கோயில் வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் கேட்டேன். "கணக்குப் போட்டவருங்களா? இங்கதான் எங்கியோ பொறந்தாருன்னு சொல்லுவாங்க சாமி. நாம பூவைக் கட்டற ஆளு, நமக்கென்ன தெரியுமுங்க" என்றார். ஆனாலும் தன் ஊரில் பிறந்தவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

அங்கிருந்து பெரியார் வீதிக்கு நடந்தோம். பெரியாரின் வீடு இப்போது பெரியார் அண்ணா நினைவகம். பெரியாரிடம் பத்திரிகை வேலை பார்த்த காலத்தில் அண்ணாவும் அங்கே இருந்தவர். சுவர் நிறையப் படங்கள். ராமானுஜன் பிறந்தபோது இந்த ஊரில் ராமசாமி என்று ஒரு பையனுக்கு வயது 8. அந்தப் பையன் பின்னாளில் மண்டிக் கணக்கை விட்டுவிட்டு நகரசபைத் தலைவரானார். 1925இல் இதே ஊரிலிருந்து 'குடி அரசு' இதழைத் தொடங்கினார். மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்டு கட்சி அறிக்கை தமிழில் 1931இல் அதில்தான் வந்தது. அந்த வருடக் கடைசியில் கப்பலேறி எகிப்து, துருக்கி, சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று சுற்றி, அடுத்த வருடம் திரும்பினார். மஞ்சள் மண்டிகளின் ஊரிலிருந்து ஒரு மனிதர் மாஸ்கோ வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து ஊர் ஊராகப் பேசியிருக்கிறார். பெரியாரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிறேன்: அவர் நகரசபைப் பொறுப்பை உதறிவிட்டுக் காங்கிரசுக்குப் போன ஆண்டு 1919. ராமானுஜன் கொடுமுடிக்கு வந்ததும் அதே ஆண்டுதான்.

ஈரோடு ஜங்ஷனில் பாசஞ்சர் வண்டி. கொடுமுடிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். சாவடிப்பாளையம், பாசூர், ஊஞ்சலூர் என்று வண்டி நின்று நின்று போனது. இருபக்கமும் காலிங்கராயன் வாய்க்கால் பாயும் வயல்கள். மஞ்சள் செடி முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அப்புறம் கரும்பு, வாழை. 1860களில் போட்ட பாதை இது. கரூர், குளித்தலை, திருச்சி என்று பெரும்பாலும் காவிரியை ஒட்டியே போகும். ராமானுஜன் குடும்பக் கதை முழுக்க இந்த ஆற்றையும் இந்தத் தண்டவாளத்தையும் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறது. குளித்தலைக்குப் பக்கத்தில் ராஜேந்திரம் என்ற கிராமம், ராமானுஜனின் மனைவி ஜானகியின் ஊர். 1909 ஜூலையில் அங்கேதான் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 21 வயது, பெண்ணுக்கு 10. கும்பகோணத்திலிருந்து வந்த ரயில் தாமதமாகி, மாப்பிள்ளை வீட்டார் நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்களாம்.

"அப்பவுமா ரயில் லேட்டு?" என்று சிரித்தான் மருமகன். அதற்கப்புறம்தான் அவன் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தான்.

இதே ரயிலுக்கு இன்னொரு கதையும் உண்டு. கொடுமுடியில் 1908இல் பிறந்த சுந்தராம்பாள் என்ற சிறுமி வறுமையில் ரயிலில் பாடியதைக் கேட்டுத்தான் அவரை நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள் என்று சொல்வார்கள். கே. பி. சுந்தராம்பாள் என்றால் அந்த 'கே' கொடுமுடிதான். 1951இல் சென்னை மேலவைக்குப் போனபோது, சட்டமன்றத்துக்குள் நுழைந்த நாட்டின் முதல் திரைக் கலைஞர் அவரானார். ராமானுஜன் கொடுமுடியில் இருந்தபோது சுந்தராம்பாளுக்குப் பதினோரு வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

கொடுமுடி ஸ்டேஷனில் இறங்கியதும் ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. நடக்கும் தூரம்தான் கோயில். சிவன், பெருமாள், பிரம்மா மூவரும் ஒரே வளாகத்தில் இருக்கும் மகுடேசுவரர் கோயில். பிரம்மா வன்னி மரத்தடியில் இருக்கிறார். பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுப்பவர்கள் இங்கே காவிரித் தண்ணீர் மொண்டு, கெடாமல் இருக்க அதில் வன்னி இலையைப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். சாமி கும்பிட்டுவிட்டு நேராகப் படித்துறைக்கு வந்தோம். வடக்கிலிருந்து வரும் காவிரி கிழக்கே திரும்பும் இடம் இது. இரு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனது.

இந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நான் மருமகனுக்கு 1919ஐச் சொன்னேன்.

ராமானுஜன் 1914 மார்ச்சில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். கொஞ்ச நாளிலேயே முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. காய்கறி கிடைப்பதே கஷ்டம். சமையலும் தானேதான். குளிர் வேறு. அங்கேயே நோயில் விழுந்து மருத்துவமனை மருத்துவமனையாகக் கிடந்தார். 1918இல் அங்குள்ள பெரிய அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1919 மார்ச் 27 அன்று பம்பாயில் வந்திறங்கினார். அம்மாவைப் பார்த்ததும், ஜானகி எங்கே என்றுதான் கேட்டாராம். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகாமல் ஜானகி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். அப்புறம் ஆளனுப்பி வரவழைத்தார்கள். சென்னையின் வெயில் ஒத்துக்கொள்ளாமல் குடும்பத்தோடு கொடுமுடிக்கு வந்தார்கள். செப்டம்பர் தொடக்கம் வரை இங்கேதான்.

உலகமே புரண்டுகொண்டிருந்த வருடம் அது. அவர் சென்னைக்கு வந்த அதே ஏப்ரலில்தான் ஜாலியன்வாலா பாக். மே 29 அன்று கேம்பிரிட்ஜின் வானியலாளர் எடிங்டன் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவு ஒன்றில் சூரிய கிரகணத்தைப் படமெடுத்து, ஐன்ஸ்டைன் சொன்னது சரியா என்று சோதித்தார். ஜூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கை. அந்த அமளிக்குப் பின்னால், கேம்பிரிட்ஜ் கொண்டாடிய ஒரு மனிதர் இந்தச் சின்ன ஊரில், ஆற்றங்கரையில், உடம்பு எலும்பாகத் தெரியக் கிடந்திருக்கிறார். மேட்டூர் அணை 1934இல் வந்தது. அவர் பார்த்த காவிரி அணை தொடாத காவிரி. கிருஷ்ணராஜசாகரையும் அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடி ஆவணியில் மலையில் பெய்த மழையெல்லாம் செந்தண்ணீராக இந்த வளைவில் முட்டித் திரும்பியிருக்கும்.

கொடுமுடி நாட்களைப் பற்றிப் படித்ததில் என் மனதில் நின்றது கணக்கு இல்லை. ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்ற ராமானுஜன் ஆற்றுக்குப் போக வேண்டும். ஜானகி தானும் வருகிறேன் என்றார். மாமியார் கூடாது என்றார். ராமானுஜன் சத்தம் போடவில்லை. "அவளும் வரட்டும்" என்ற அளவில் சொல்லி, மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். அம்மா பேச்சைத் தட்டாமல் வளர்ந்த பிள்ளை அவர். கடல் தாண்டக் கூட அம்மாவின் சம்மதத்துக்குக் காத்திருந்தவர். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அந்தத் தம்பதி சேர்ந்து இருந்த காலம் ரொம்பக் குறைவு. நடுவில் ஐந்து வருடம் கடல். அப்போது ஜானகிக்கு 20 வயது.

இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுத்தது. மருமகன் ஒன்றும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படித்துறையில் எதிர்ப்பட்ட வயதானவர்கள் இரண்டு மூன்று பேரிடம் கேட்டேன். "ஐயருங்க அப்ப நெறையா இருந்தாங்க. ராமானுஜம் வந்து தங்குனாரா? அட, எனக்கு இன்னிக்குத்தான் தெரியும் தம்பி" என்றார் ஒருவர். அப்புறம் அவரே, "அப்படி ஒரு ஆளு இருந்த ஊட்டுக்கு ஒரு கல்லாவது நட்டு வைக்கோணுமுங்க" என்றார். நானும் அதைத்தான் நினைக்கிறேன். பரிகாரத்துக்கு வருகிறவர்களும் பழனிக்குத் தீர்த்தம் எடுக்க வருகிறவர்களும் இந்தப் படித்துறையில்தான் இறங்குகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரு சின்னக் கல்வெட்டு இருந்தால் அந்தப் பிள்ளைகள் படிக்கும்.

ராமானுஜன் செப்டம்பரில் கும்பகோணம் போனார். ஜனவரியில் சென்னை. 1920 ஜனவரி 12 அன்று, தன்னைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். போலித் தீட்டாச் சார்புகள் (mock theta functions) என்று தான் கண்டுபிடித்த புதுவகைக் கணிதச் சார்புகளைப் பற்றி. ஏப்ரல் 26 அன்று இறந்தார். வயது 32. காசநோய் என்றுதான் அப்போது வைத்தியம் பார்த்தார்கள். பின்னாளில் ஆராய்ந்த மருத்துவர் ஒருவர் அது கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்றார். ராமானுஜன் கைப்பட எழுதிய தாள்களை 1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஹார்டிக்கு அனுப்பியது. அந்த வழியில் போன ஒரு கட்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1976இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் கையில் கிடைத்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். பெரும்பாலும் அந்தக் கடைசி வருடத்தில் எழுதியவை என்கிறார்கள். அந்த வருடத்தில் கொடுமுடியும் உண்டு. இன்று கருந்துளைகளை ஆராய்கிறவர்கள் கூட அந்தத் தீட்டாச் சார்புகளைத் தேடிப் போகிறார்கள்.

ஜானகி 1994 வரை இருந்தார். தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்து, ஒரு பையனை எடுத்து வளர்த்தார். கணவருக்குச் சிலை வைக்கிறேன் என்றவர்கள் வைக்கவில்லையே என்று முதிய வயதில் வருத்தப்பட்டார். அதைக் கேள்விப்பட்டு உலகம் முழுக்க இருந்த கணிதக்காரர்கள் காசு சேர்த்து, வெண்கலத்தில் மார்பளவுச் சிலை செய்து அவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசி நாட்களில் நேரம் தவறாமல் கணவருக்குச் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்ததையும், வலிக்கிறது என்றபோது காலுக்கும் நெஞ்சுக்கும் ஒத்தடம் கொடுத்ததையும் ஜானகி தன் பாக்கியமாகச் சொல்லியிருக்கிறார். அப்போது வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்கள் மட்டும் தன்னிடம் மிச்சம் இருப்பதாகவும் சொன்னார்.

வெயில் ஏறிவிட்டது. கோயில் வீதியில் ஒரு மெஸ்ஸில் அரிசியும் பருப்பும் சாதம் சாப்பிட்டோம். "அந்த ராஜேந்திரம் இதே லைன்லதானுங் மாமா?" என்று கேட்டான். குளித்தலைக்குப் பக்கம் என்றேன். செல்போனில் வண்டி நேரம் பார்த்தான். இன்றைக்குப் போய்த் திரும்ப முடியாது. பரீட்சை முடியட்டும் என்று பேசிக்கொண்டோம். ஸ்டேஷனுக்கு நடக்கும் முன் படித்துறைக்கு இன்னொரு முறை இறங்கி, தண்ணீர் பாட்டிலில் காவிரியை மொண்டான். பூசாரி கொடுத்த வன்னி இலை இரண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அதில் போட்டு மூடினான்.

"அம்மாயிக்கு" என்றான்.